சுவர் வெடிப்பில் ஒரு காடு

துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. கீழிருந்து விளக்கெரியும் கண்ணாடி மேஜையின்மேல் பனியன் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி உடைந்து விழுந்த கோடு என்று எதுவும் என் கண்ணுக்குத் தப்பக்கூடாது. சந்தேகம் வந்தால் மெஷினை நிறுத்தி, மடக்கு லென்ஸைத் துணிமேல் வைத்துக் குனிந்து பார்ப்பேன். பதினாறு வருடம் இதையே செய்ததில், கிட்டே போய்ப் பார்ப்பது என்றாலே தப்பைத் தேடுவது என்று எனக்கு ஆகிவிட்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பதாக என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

என் மகள் கோவையில் தாவரவியல் படிக்கிறாள். செல்போன் கேமராமேல் கவ்வி மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்றைப் பாடத்துக்காக வாங்கியவள், இரண்டே மாதத்தில் சலித்துப்போய், ஒருமுறை விடுதிக்குத் திரும்பும்போது வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் சமையலறையில் நின்றபடி அதை மாட்டி, கழுவி வைத்த கறிவேப்பிலையைப் பார்த்தேன். இலையின் முதுகில் நின்ற ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் எங்கள் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. கம்பிகள், ஜன்னலில் தொங்கிய துண்டு, வெளியே நின்ற முருங்கை, எல்லாம் அந்த ஒரு சொட்டில் இருந்தன. குழம்பு அடிப்பிடித்த வாசம் வரும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு அந்த லென்ஸ் என் கைப்பையைவிட்டு இறங்கவில்லை.

எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில், எங்கள் தெருக்கோடியில்தான் கம்பெனி வேன் வந்து நிற்கும். அங்கே ஒரு பழைய குடோனின் மதில், இரண்டு ஆள் உயரம். அதையே பின்சுவராக வைத்து, சிமெண்ட் ஷீட் கூரை போட்டு, ஒட்டி ஒட்டி மூன்று லைன் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். வீடுகள் முடிந்த இடத்தில் மதில் வெறுமையாகத் தெருவைப் பார்த்து நின்றது. அந்த வெற்றுச் சுவரில், இடுப்பு உயரத்தில் ஒரு வெடிப்பு தொடங்கிச் சாய்வாக மேலேறி, முதல் வீட்டின் ஷீட்டுக்குள் போய் மறைந்தது. அந்த வழியாக எத்தனையோ வருடம் போய் வந்திருக்கிறேன். அந்த வெடிப்பை நான் பார்த்ததாகவே ஞாபகம் இல்லை.

ஆவணியில் நாலைந்து நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், வேனுக்காக நின்றபோது அந்த வெடிப்பில் பச்சை தெரிந்தது. லென்ஸை மாட்டி ஒரு விரற்கடை தூரத்தில் போனைப் பிடித்தேன். திரையில் ஒரு காடு விரிந்தது. பாசிதான். ஆனால் ஒவ்வொரு இழையும் தனித்தனி மரம்போல நின்றது. சிலவற்றின் உச்சியில் மயிரிழைக் காம்பு எழும்பி, நுனியில் செம்புநிறத் தொப்பி கவிழ்ந்திருந்தது. தொப்பிக்குத் தொப்பி பனித்துளி. அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு சிலந்தி உட்கார்ந்திருந்தது, மிளகு அளவுகூட இராது. வலை கட்டாமல் தாவித் தாவி இரை பிடிக்கிற வகை. முன்பக்கம் இரண்டு பெரிய கண்கள், பக்கத்தில் இரண்டு சிறிய கண்கள். நான் போனை நகர்த்தினால் அதுவும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

வேன் டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்த பிறகுதான் ஏறினேன்.

தினமும் பத்து நிமிடம் முன்னதாக வீட்டைவிட்டுக் கிளம்ப ஆரம்பித்தேன். அன்றைக்கு எடுத்த படத்தை மதியச் சாப்பாட்டின்போது எடுத்துப் பார்ப்பேன். குறை தேடாமல் ஒரு பொருளை அவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது எனக்குப் புதிது. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று தயங்காமல் சொல்வேன்.

முதல் லைன் வீட்டில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். புருஷன் பக்கத்துக் கம்பெனியில் நைட் ஷிப்ட் டெய்லர். இரண்டு பெண்குழந்தைகள், மூத்ததற்கு ஆறு வயதிருக்கும். மதிலில் ஓர் ஆணி அடித்து, அதில் கொடி கட்டித்தான் அவள் துணி காயப்போடுவாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பதைச் சில நாள் பார்த்தவள், ஒரு காலை ஈரத்துணியோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, என்ன ஃபோட்டோ? சுவர் ஃபோட்டோவா?"

காட்டினேன். வாய்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"இது எங்க ஊர் மாதிரி இருக்கு அக்கா. மழை டைம்ல, மலை மேல நின்னு பாத்தா இப்படித்தான்."

குழந்தைகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்னது சிலந்தியின் படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டது. அன்றிலிருந்து காலையில் என்னைப் பார்த்தால், "இன்னிக்குக் காடு எப்படி அக்கா?" என்று கேட்பாள்.

புரட்டாசியில் ஒருநாள் சிலந்தியைக் காணோம். மறுநாளும் காணோம். பாசியின்மேல் மட்டும் வெள்ளையாக ஏதோ தூவியதுபோல் கிடந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஒவ்வொரு மரத்தின்மேலும் மாவு சலித்ததுபோல. ஏழெட்டுப் படம் எடுத்தேன். விரலால் தொட்டபோது நெறநெறவென்றது. சுண்ணாம்புத் தூள். சுவரின் உள்ளிருந்து உதிர்ந்திருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. அது ஏன் உதிர்ந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

போனின் முகப்பில் வைக்க ஒரு படம் தேர்ந்தெடுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். ஆவணிப் படம் ஒன்றில், வெடிப்புக்குள் ஒரு கட்டெறும்பு புகுந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் உடம்பு உரச, நெருக்கிக்கொண்டு போனது. அதே இடத்தில் இந்தச் சனிக்கிழமை எடுத்த படத்தில் இரண்டு கட்டெறும்புகள் எதிரெதிராக வந்து, ஒன்றையொன்று தொடாமல் விலகிப் போய்க்கொண்டிருந்தன.

மாற்றி மாற்றிப் பார்த்தேன். அதே செங்கல் முனை. அதே பாசித் திட்டு. எறும்பும் அதே சாதி. இடைவெளி மட்டும் வேறு.

வெடிப்பு அகலமாகியிருந்தது.

மறுநாள் கம்பெனியிலிருந்து பருத்தி நூல் கொஞ்சம் எடுத்து வந்தேன். ஒற்றை இழையை வெடிப்புக்குக் குறுக்கே இழுத்து, இரண்டு பக்கமும் பசை வைத்து ஒட்டினேன். முதல் நாள் மாலை அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் காலையில், சுண்டினால் ஒலிக்கும்போல விறைத்து நின்றது. நான்காம் நாள் லென்ஸில் பார்த்தபோது நூல் நடுவில் பிரிந்திருந்தது. பஞ்சு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து இரண்டு பக்கமும் சிலிர்த்து நிற்க, மூன்றே மூன்று இழைகள் மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தன. நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, அந்த மதிலு விரிஞ்சுட்டே போவுதுங்க."

அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "அது நான் வந்த நாள்லிருந்து அப்புடித்தான் கெடக்குது. நீ லென்ஸு வெச்சுப் பாத்தா ஊசி ஓட்டைகூடக் கெணறு மாதிரித்தான் தெரியும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கண் எதையும் பெரிதாக்குகிற கண். ஆனாலும் அன்று மாலை வேனைவிட்டு இறங்கியதும் நேராகக் குடோன்காரரைப் பார்க்கப் போனேன். அறுபது வயதுக்காரர். தோட்டத்தை விற்றுக் கம்பெனி வைத்தவர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார். குடோனை வேஸ்ட் துணி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். லைன் வீடுகளும் அவருடையவைதான்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. என்ன விசயம்?"

"மதிலு வெடிச்சிருக்குதுங்க ஐயா. நாளுக்கு நாள் பெருசாவுதுங்க. போட்டோவுல பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கினார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். முகம் மலர்ந்தது.

"அடடா, நம்ம செவுத்துலயா அம்மணி இது? ஊட்டியில போயி எடுத்தாப்ல இருக்குதுங்களே!"

"அந்தக் கறுப்பா இருக்கறது பாருங்க ஐயா, அதுதான் வெடிப்பு."

"பாத்தனுங்க, பாத்தனுங்க. எங்கப்பாரு காலத்துச் செவுரு, கருங்கல்லு அஸ்திவாரம். ஒண்ணும் ஆவாது. தீவாளிக்கு முன்னால ஆளு உட்டுப் பூசிரச் சொல்றேன். இந்தப் பச்சைப் படத்தை மட்டும் எனக்கு அனுப்பி உடுங்க."

அனுப்பினேன். மறுநாள் விடிந்ததும் அவரிடமிருந்து வாட்ஸப்பில் அந்தப் படம் வந்திருந்தது. மேலே ரோஜாப்பூ எழுத்தில் காலை வணக்கம். இரண்டு நாளில் என் தங்கையே அதை எனக்கு அனுப்பினாள். எத்தனை பேர் போனுக்கு அது போனதோ. எல்லாரும் பார்த்தது பாசியை. அதன் நடுவில் கறுப்பாக ஓடிய கோட்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் எடுக்கவும் இல்லை. பச்சை தெளிவாக வரவேண்டும் என்று வெடிப்பை மங்கலாக்கி எடுத்தவள் நான்தான்.

சொன்னபடியே தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஆள் வந்தது. வேலை முடிந்து வந்தபோது மதில் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தது. பாசியைச் சுரண்டிக் கீழே தள்ளியிருந்தார்கள். அது சாக்கடை ஓரத்தில் கருகிக் கிடந்தது. ஒடிசாப் பெண் வாசலில் நின்று உதட்டைப் பிதுக்கினாள். "காடு போச்சு அக்கா." எனக்கு அந்த வருத்தத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. இதுவரை சுவர் தினமும் தன் நிலையை எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதன் முகத்தை மூடிவிட்டார்கள்.

பத்து நாளில் புதுப்பூச்சில் ஒரு கோடு விழுந்தது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. லென்ஸில், வறண்ட ஆற்றை விமானத்திலிருந்து பார்ப்பதுபோல் நெளிந்து போனது. அடுத்த மழைக்கு அந்தக் கோட்டின் அடியில் ஈரம் கசிந்து ஒரு சொட்டு திரண்டது. அது நீல நிறமாக இருந்தது. பக்கத்தில் இன்னொன்று, நீர்த்த குங்கும நிறம். ஒளி பட்டுக் கண்ணாடி மணிகளாக மின்னின. சுவரிலிருந்து ஏன் சாயம் வடிகிறது?

கேட்டைச் சுற்றிப்போய்க் குடோனுக்குள் எட்டிப் பார்த்தேன். மதிலின் அந்தப் பக்கம் முழுக்க வேஸ்ட் துணிக் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். மதில் உயரத்துக்கு, மதில்மேல் சாய்த்து, மேலே மூட ஒரு தார்ப்பாய்கூட இல்லாமல். நனைந்த பனியன் துணி என்ன கனம் கனக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சலவைக்குப் போய் வருகிற ஒரு ரோலை இரண்டு ஆள் தூக்க முடியாது. அங்கே ஒரு லாரிக்கு மேல் கிடந்தது.

குடோன்காரருக்குப் போன் செய்தேன். வியாபாரியிடம் சொல்லி எடுக்கச் சொல்வதாகச் சொன்னார். மறுபடியும் செய்தேன். "சொல்லிப்போட்டனுங்க அம்மணி, லாரி வரோணுமில்லீங்க" என்றார். லைன் வீட்டுக்காரர்களிடம் சொன்னேன். இரண்டாவது வீட்டில் தெற்கேயிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள், மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. பயந்துதான் கேட்டார்கள். ஆனால் திடீரென்று எங்கே போவார்கள்?

கார்த்திகையில் வெள்ளிக்கிழமை மாலை பிடித்த மழை ஞாயிறு காலையிலும் விடவில்லை. பதினோரு மணிபோல் கொஞ்சம் தணிந்தது. உலையை இறக்கி வைத்துவிட்டுக் குடையோடு போனேன். மதிலின் அடியிலிருந்து மண்புழுக்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல. அஸ்திவாரக் கல் இடுக்குகளிலிருந்து கொத்துக் கொத்தாக, தெருத் தண்ணீரில் விழுந்து நெளிந்தன. பழக்க தோஷம், குனிந்து ஒன்றைப் படம் எடுத்தேன். திரை முழுக்க அதன் உடம்பு, ஈரத்தில் மின்னும் வளையம் வளையமாக. அதன் பின்னால் சுவர் கொஞ்சம் தெரிந்தது. அந்தச் சுவரிலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தேன். புதுப்பூச்சு, கல்லில் போட்ட சப்பாத்திபோல உப்பியிருந்தது. உள்ளங்கையை வைத்தேன். உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கையில் தெரிந்தது.

"வெளிய வாங்க! செவுரு உழுகப்போவுது! எல்லாரும் வெளிய வாங்க!"

தெற்கத்திப் பெண் கதவுக்கு வெளியே தலையை நீட்டினாள். "இதத்தானக்கா இத்தன நாளாச் சொல்லுதீக. இந்த மழையில எங்க போய் நிக்க?" ஒடிசாப் பெண் அடுப்பில் குக்கர் வைத்திருந்தாள். அவள் புருஷன் நைட் ஷிப்ட் முடித்து வந்து சுவரோரம் பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். குழந்தைகள் அவன் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தன.

எப்படி அது எனக்குத் தோன்றியது என்று இன்றுவரை தெரியாது. கையிலிருந்த போனை நீட்டினேன். திரையில் அந்தப் புழு. வளையம் வளையமாக, கை தடிமனுக்கு.

"பாம்பு! செவுத்துக்குள்ள பாம்பு! உங்க ஊட்டுக்குள்ளதான் போயிருக்குது!"

ஒடிசாப் பெண் படத்தைப் பார்த்தாள். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "சாப! சாப!" என்று பாம்பைத் தன் பாஷையில் சொல்லித் தெருவே கேட்கக் கத்திக்கொண்டு குழந்தைகளை இரண்டு கையிலும் அள்ளினாள். புருஷன் எழுந்து பனியனோடு ஓடிவந்தான். இரண்டாவது வீட்டில் இருவரும் செருப்புகூடப் போடாமல் வந்தார்கள். எல்லாரும் எதிரே இருந்த மளிகைக்கடைக் கூரைக்கடியில் போய் நின்றோம். எண்ணிப் பார்த்தேன். எல்லாரும் இருந்தார்கள்.

ஐந்து நிமிடம் போனது. மதில் அப்படியே நின்றது. மழை மறுபடி வலுத்தது. தெற்கத்திக்காரர் பாம்பு பிடிக்கிறவருக்குப் போன் போட நம்பர் தேடினார். ஒடிசாக்காரன் தூக்கம் கலைந்த எரிச்சலில் நின்றவன், கடைக்கு வெளியே சாத்தியிருந்த ஒரு கட்டையை எடுத்தான். எங்களைப் பார்த்துச் சிரித்தான். ஒரு பாம்புக்கு இவ்வளவு பேரா என்பதுபோல.

"போகாதீங்க!" என்று கத்தினேன். "பாம்பு இல்ல! செவுரு! செவுருதான்!"

அவனுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. கையை ஆட்டிவிட்டுத் தெருவைக் கடந்தான். அவன் பெண்டாட்டி அவர்கள் பாஷையில் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். அவன் வாசற்படியில் ஒரு கால் வைத்திருப்பான்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத்துணி மூட்டையை ஓங்கித் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். மதில் ஷீட்டுகளின்மேல் படுத்தது. அதன்மேல் துணிக் கட்டுகள் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக, அவசரமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு வந்தன. குக்கர் எங்கோ அடியில் ஒரு விசில் அடித்து நின்றது.

அவனுக்கு உயிர் இருந்தது. வாசலிலேயே இருந்ததால் மேல் உடம்பு தப்பியது. தீயணைப்பு வண்டி வந்து எடுக்க ஒரு மணி நேரமாயிற்று. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் நொறுங்கியிருந்தது. மெஷின் மிதிக்கிற கால்.

குடோன்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். வெளியே வராந்தாவில் என்னிடம் சொன்னார், "நீங்க காட்டுனப்ப எனக்குச் செவுரே தெரியலீங்க அம்மணி. பச்சை மட்டும்தான் தெரிஞ்சுதுங்க." எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, ஆனால் அதை எடுத்து வீச முடியவில்லை. ஒரு மாதம் எனக்கும் பச்சை மட்டும்தான் தெரிந்தது.

என்னைத் தின்றது வேறு. நான் சுவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் அவன் உள்ளே போயிருக்க மாட்டான். பாம்பு என்றதால்தான் கட்டையை எடுத்தான். சுவர் என்று மட்டும் சொல்லியிருந்தால் யாருமே வெளியே வந்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழிக்க முடியவில்லை.

அவர்கள் ஒடிசாவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அவன் பெண்டாட்டியும் நானும் உட்கார்ந்திருந்தோம். சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குக் காட்டுனது பாம்பு இல்ல. மண்புழு. நான் பொய் சொன்னேன்."

அவள் சின்னவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவில்லை.

"தெரியும் அக்கா. நாங்க வயல்ல வேலை செஞ்சவங்க. புழு தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் கத்துன?"

"உங்க முகம் பாத்தேன். சுவர் வெடிப்பு பெருசாகுதுன்னு சொன்ன நாள்லகூட உங்க முகம் அப்படி இல்ல." பிறகு பின்னலை முடித்துக்கொண்டே சொன்னாள். "அவருக்குச் சொல்லல. நீங்களும் சொல்ல வேண்டாம். பாம்பு இருந்துச்சுன்னே இருக்கட்டும்."

அவன் இப்போதும் அப்படித்தான் நம்புகிறான். தன் ஊரில் எல்லாரிடமும் அந்தப் பாம்பைப் பற்றிச் சொல்கிறானாம்.

போன மாதம் அவளிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அவன் கோலோடு நடக்கிறான், இனி மெஷினில் உட்கார முடியாது. அங்கே பிழைப்பு இல்லை. அவள் இங்கே தையலுக்கு வரப்போகிறாள், குழந்தைகளோடு. அவன் வீட்டைப் பார்த்துக்கொள்வான். "வீடு ஒண்ணு பாத்து வைங்க அக்கா. நீங்க பாத்தா சரியா இருக்கும்."

வார விடுமுறைகளில் போய்ப் பார்க்கிறேன். வீட்டுச் சொந்தக்காரர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, நான் பின்சுவரோரம் மண்டியிட்டு லென்ஸை வைத்துப் பார்ப்பதை ஒருமாதிரி பார்க்கிறார்கள். சில சுவர்களில் பாசி இருக்கிறது, அழகாக இருக்கிறது. அங்கே இன்னும் அதிக நேரம் உட்காருகிறேன். ஒரு நூலை ஒட்டிவிட்டு, அடுத்த வாரம் வந்து சொல்கிறேன் என்று கிளம்புகிறேன்.

இதுவரை ஆறு வீடு பார்த்துவிட்டேன். இது சரியான வீடு என்று அவளுக்கு இன்னும் எதையும் சொல்லவில்லை.